தீவுகளில் குளிர்காலப் பறவை நோக்கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, தண்ணீர் எடுத்துப்போவது, பளிச்சென்ற சட்டையைத் தவிர்ப்பது பற்றியெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். குளிர்காலம் வந்தால் தீவுகளுக்குப் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றைப் பற்றித்தான் இது.

கடிகாரத்தை நம்பிக் கிளம்புவது

விடியற்காலை என்பது காட்டுப் பறவைகளுக்குச் சரி. கரைப்பறவைகளின் பொழுதை ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதுதான், தீர்மானிக்கிறது. நீர் வற்றும்போது சேற்றுப்பரப்பெங்கும் சிதறி இரை தேடும். ஏறும்போது மணல்திட்டுகளில் வந்து கூடும். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரத்து நேரம் இந்த வாரம் உதவாது. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் படகு பேசுங்கள்.

கூட்டத்தைக் கிளப்பிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. நீர் நன்றாக ஏறியிருந்த ஒரு காலையில், மீதமிருந்த மணல்திட்டில் வளைமூக்கு உள்ளான்களும் மூக்கான்களுமாகக் கரைப்பறவைகள் நெருக்கியடித்து நின்றன. கேமராவோடு வந்த ஒருவர், பறக்கும் படம் வேண்டுமென்று நேராக அவற்றை நோக்கி நடந்தார். கூட்டம் எழும்பிச் சுற்றிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே இறங்கியது. மறுபடியும் நடந்தார். கடைசியில் எல்லாம் கடலைத் தாண்டிப் போய்விட்டன. அவருக்குப் படம் கிடைத்தது.

பறவைக்கு என்ன நஷ்டம்? சேறு நீருக்கடியில் இருக்கும்வரை பெரும்பாலானவற்றுக்கு இரை கிடையாது. ஓய்வெடுத்துத் தெம்பைச் சேமிக்க வேண்டிய நேரம் அது. வசந்தத்தில் வடதுருவப் பகுதிக்குத் திரும்ப உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். 2022இல் ஒரு பட்டைவால் மூக்கான் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்குச் சுமார் 13,560 கிலோமீட்டரை, எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. கொழுப்புதான் அதற்கு எரிபொருள். நாம் வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கையிருப்பு கரைகிறது.

தலைகள் நிமிர்கின்றனவா, இறகு கோதுவது நிற்கிறதா, விலகி நடக்கின்றனவா? அங்கேயே நில்லுங்கள். அப்புறமும் அமைதியாகாவிட்டால் பின்வாங்குங்கள். இதைவிட நல்ல வழி, நீர் ஏறுவதற்கு முன்பே போய்த் தள்ளி உட்கார்ந்துவிடுவது. ஏறும் நீரே பறவைகளை மெல்ல மெல்ல உங்கள் பக்கம் கொண்டுவரும்.

ஒற்றைக்காலில் நிற்கும் பறவையைக் கண்டு பதறுவது

பெரும்பாலும் அது ஓய்வுதான், உடல் சூடு வீணாகாமலிருக்க. சில அப்படியே தத்தித் தத்தி நகரவும் செய்யும். காயம் என்று நினைத்துப் பக்கத்தில் போகாதீர்கள்.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது

குளிர்காலத்தில் இவற்றில் பல சாம்பல் நிறம்தான். அலகு, கால், இரை தேடும் விதம் பாருங்கள்.

வெயிலுக்கு எதிரே நிற்பது

வெயில் முதுகில் விழட்டும்.

படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தைப் பேசிவைக்காமல் இறங்குவது

நீர் வற்றினால் படகு தரைதட்டும்.