கைத்தடியைக் கை மாற்றிய கதை

வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்ததில், இடுப்பு வளையத்தின் முன்பக்கம், வலது பூப்பென்பில் வெடிப்பு. வளையம் குலையவில்லை, ஒபரேஷன் வேண்டாம் என்றார் டொக்டர். எட்டு வாரத்தில் நோ போய்விட்டது. நடை மட்டும் வாத்து நடை!

காலி வீதியில் பின்னால் வந்த அக்காதான் கண்டுபிடித்தார்: "வலது காலில நிக்கேக்க உன்ர இடது இடுப்பு தொங்குது, தம்பி."

ட்ரெண்டலன்பேர்க் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1895இல் விவரித்த அதே கோளாறு. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் பாரம் இடுப்பு மூட்டுக்கு உட்புறமாக விழும். வெளிப்பக்கத் தசை அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் அதன் நெம்புகோல் கை (மூட்டுக்கும் தசை இழுக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம்) குட்டை, அதனால் நிறைய இழுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் உடல் எடையின் சுமார் இரண்டரை மடங்கு அழுத்தம். நல்ல நடையிலும் தூக்கிய காலின் பக்கம் ஐந்து பாகை அளவில் இறங்கும்தான். படுத்தே கிடந்து தசை மெலிந்ததால் எனக்கு அது எல்லை மீறிவிட்டது.

என் மடத்தனம், தடியையும் வலது கையிலேயே பிடித்தது. பிசியோ பார்த்துச் சிரித்தார். இடது கைக்கு மாற்றினேன். மூட்டிலிருந்து அந்தக் கை தூரம், ஆகவே சின்ன ஊன்றலே தசையின் வேலையைப் பெரிதும் குறைக்கிறது. அன்றே வித்தியாசம் தெரிந்தது.

பிறகு இடப்பக்கம் சரிந்து படுத்து வலது காலை உயர்த்தும் பயிற்சி. சலிப்பான வேலை, சொல்லி வேலையில்லை.

நாலாம் மாதம் காலிமுகத்திடலில் தடியில்லாமல் நடந்தேன். அக்கா பின்னாலேயே வந்து பார்த்தார். "ம், இப்ப சரி" என்றார்.