எக்ஸாஸ்கேல் மீக்கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள் போடும் எக்ஸாஸ்கேல் மீக்கணினிகளுக்கு நிரல் எழுதுவது பற்றி, சென்ற மாதம் சென்னை தரமணியில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் பாடம் எடுத்தேன். இருபது பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் அவர்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, கடைசி வரிசையில் இருந்த தம்பியின் நிரலில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஆயிரம் படிகளுக்கு ஒருமுறை கணக்கின் நிலையைச் சேமிக்கும் வரி அது. சேமிக்கும் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். பழையதன் மேலேயே புதியது எழுதப்படும்.

"எழுதிக்கொண்டிருக்கும்போதே கணக்கு நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"இதுவரை ஒருமுறைகூட நின்றதில்லை சார்" என்றார்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். லாகின் நோடில் (எல்லோரும் உள்நுழையும் வாசல் கணினியில்) கணக்கை ஓட்டாதீர்கள், கடவுச்சொல்லைப் பகிராதீர்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எந்த மையத்திலும் அவற்றை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

பழைய சேமிப்பின் மேலேயே புதியதை எழுதுவது

வங்கக் கடலில் புயல் வரும்போது பழவேற்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதுதான் அன்று என் கணக்கு. மொத்தம் 11 நாள் ஓட வேண்டும். பொதுக் கணினி என்பதால் ஒரு தடவைக்கு 24 மணி நேரம்தான் கொடுப்பார்கள். ஆகவே நேற்று சேமித்த கோப்பிலிருந்து இன்று தொடர வேண்டும்.

ஒன்பதாம் நாள் இரவு நேரம் முடிந்ததும் வரிசையை நடத்தும் மென்பொருள் என் நிரலை நிறுத்தியது. சரியாக அந்த நேரத்தில் நிரல் கோப்பை எழுதிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்தேன். 38 ஜிபி இருக்க வேண்டிய கோப்பு 11 ஜிபி இருந்தது. தலைப்பு சரியாக இருந்தது, ஆழ வரைபடம் இருந்தது, நீர்மட்டமும் இருந்தது. நீரோட்டத்தின் கிழக்குத் திசைக் கூறு பாதியில் அறுந்திருந்தது. எட்டாம் நாள் கோப்பு எங்கே என்று தேடவே வேண்டியதில்லை. அதை அழித்துத்தான் இதை எழுதினேன்.

ஒன்பது நாள் உழைப்பு போனது மட்டும் அல்ல. அந்தக் காலாண்டுக்கு எங்களுக்கு ஒதுக்கிய கணினி நேரமும் தீர்ந்துபோனது. மறுபடி வரிசையில் நின்று கணக்கை முடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து போய்விட்டது. மழைக்கு முன் கையில் இருக்க வேண்டிய முடிவு ஜனவரியில் வந்தது.

இன்றும் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இதைத் தடுக்க மூன்று வரி போதும். புதிய நிலையைத் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். எழுதியது வட்டில் முழுமையாகச் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகு பெயரை மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. பழைய கோப்பு இருக்கும், அல்லது புதியது இருக்கும். இடைப்பட்ட நிலை கிடையாது. கூடவே, கடைசி இரண்டு சேமிப்புகளையாவது வைத்திருங்கள். வரிசையை நடத்தும் ஸ்லர்ம் போன்ற மென்பொருளிடம், நேரம் முடிய 10 நிமிடம் இருக்கும்போதே சமிக்ஞை அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டால், பொதுவான அமைப்பில் நேரம் முடிந்த பிறகு 30 வினாடிதான் அவகாசம். 38 ஜிபியை எழுதி முடிக்க அது போதும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

'என் கணக்கு நின்றதே இல்லை' என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மீக்கணினிக்குள் இருக்கும் தனிக் கணினி ஒவ்வொன்றும் ஒரு நோடு. ஒரு நோடு சராசரியாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு என்பது 43,800 மணி நேரம். 2004இல் இதே தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் இயங்கிய கப்ரு என்ற கணினித் தொகுப்பில் 144 நோடுகள் இருந்தன. அப்படிப்பட்ட கணினியில் ஏதோ ஒரு நோடு பழுதாகச் சராசரியாக 12 நாளுக்கு மேல் ஆகும். 2022இல் எக்ஸாஃப்ளாப்ஸ் என்ற அந்த எக்ஸாஸ்கேல் வேக எல்லையைத் தாண்டி உலக மீக்கணினிப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஃப்ரான்டியரில் 9,408 நோடுகள். அதே நோடு, அதே தரம் என்றாலும் 4 மணி 40 நிமிடத்துக்கு ஒரு பழுது. பெரிய கணினியில் பழுது என்பது விபத்து அல்ல, அன்றாட நடப்பு.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்பது என்பதற்கும் 1974இல் ஜான் யங் கொடுத்த எளிய சூத்திரம் இருக்கிறது. ஒருமுறை சேமிக்க ஆகும் நேரத்தையும், இரண்டு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சேமிக்க 5 நிமிடம், பழுது இடைவெளி 280 நிமிடம் என்றால் விடை ஏறக்குறைய 53 நிமிடம். 'ஆயிரம் படிகளுக்கு ஒருமுறை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சேமிக்கும் விதமும் முக்கியம். ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பிரதிகளான புராசஸ்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோப்பு எழுதுவது 64 புராசஸ் வரை சுகமாக இருக்கும். ஃப்ரான்டியர் முழுவதையும் நோடுக்கு 8 புராசஸ் வீதம் பயன்படுத்தினால், ஒரு சேமிப்புக்கு 75,264 கோப்புகள் திறக்கும். கோப்புப் பெயர்களைக் கவனிக்கும் சர்வர் திணறும், உங்களோடு சேர்ந்து அந்தக் கணினியில் இருக்கும் எல்லோரும் காத்திருப்பார்கள். பல புராசஸ்கள் சேர்ந்து சில கோப்புகளில் எழுத உதவும் எம்பிஐ-ஐஓ, ஹெச்டிஎஃப்5, அடியோஸ் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. நோடுக்குள்ளேயே வட்டு இருந்தால் முதலில் அங்கே எழுதிவிட்டு, கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பொது வட்டுக்கு மாற்றலாம்.

அந்தத் தம்பியை நிரலைத் திருத்தச் சொன்னேன். பிறகு, சேமிப்பு நடக்கும் நேரம் பார்த்து நிரலைக் கொல்லச் சொன்னேன். மூன்று முறை கொன்றார். மூன்று முறையும் முந்தைய கோப்பு முழுசாக இருந்தது.

சேமித்ததைத் திரும்பப் படித்தே பார்க்காதது

கோப்பு முழுசாக இருந்துவிட்டால் போதும் என்று நினைத்து ஏமாந்த கதையும் உண்டு. என்னிடம் வேலை பார்த்த ஓர் ஆய்வு மாணவியின் நீர்மட்ட வரைபடத்தில் 7 நாளுக்கு ஒருமுறை சிறு துள்ளல் வந்தது. கடல் ஓதம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெருகி, அஷ்டமியை ஒட்டித் தணியும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வாரம். அதனால் துள்ளலை ஓதத்தின் கணக்கில் சேர்த்துவிட்டோம், நான் உட்பட.

இரண்டு மாதத் தரவு சேர்ந்ததும் அந்தப் பெண்தான் சந்தேகப்பட்டாள். அமாவாசையிலிருந்து அஷ்டமிக்குச் சராசரியாக 7.4 நாள். துள்ளலோ மிகச் சரியாக 7.0 நாளுக்கு ஒருமுறை. எட்டு வாரத்தில் அது ஓதத்தைவிட்டு 3 நாள் விலகிவிட்டது. "சார், நம் கணக்கு ஒரு தடவைக்கு எத்தனை நாள் கடலை ஓட்டுகிறது?" என்று கேட்டாள். ஏழு நாள். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு துள்ளல்! அடுத்த படியைக் கணக்கிட முந்தைய படியின் மாறுவீதமும் தேவைப்படும் முறை அது. அந்த ஒன்றை மட்டும் நாங்கள் சேமிக்கவில்லை. நிரல் பிழை எதுவும் காட்டாமல் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

ஆகவே இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒருமுறை 200 படிகளை நிற்காமல் ஓட்டுங்கள். இன்னொரு முறை 100 படி ஓட்டி, சேமித்து, நிறுத்தி, கோப்பிலிருந்து படித்து மீதி 100 படிகளை ஓட்டுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். ஜிபியுவில் (ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லில்) கூட்டல் வரிசை ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால் கடைசி இலக்கங்கள் வேறுபடலாம். துள்ளல் வரக் கூடாது.

சிறியதில் ஓடியது பெரியதிலும் ஓடும் என்று நம்புவது

பக்கத்துக்கு 1,290 புள்ளிகள் கொண்ட கனசதுரக் கட்டம் ஓடும். 1,291 ஓடாது. 32 பிட் முழு எண் 2,147,483,647 வரைதான் எண்ணும். 1,291இன் கனம் அதைத் தாண்டிவிடுகிறது. எண் எதிர்மமாக மாறி, நினைவகத்தில் எங்கோ போய்க் கைவைக்கும். பெரிய கணினிக்குப் போகும் முன் எல்லாச் சுட்டெண்களையும் 64 பிட்டுக்கு மாற்றுங்கள்.

நேரத்தை ஒற்றைத் துல்லியத்தில் கூட்டுவது

புதிய ஜிபியுக்கள் குறைந்த துல்லியத்தில் பல மடங்கு வேகம் தருகின்றன. அந்த ஆசையில் எல்லா மாறிகளையும் ஒற்றைத் துல்லியத்துக்கு, அதாவது 32 பிட்டுக்கு, இறக்கிவிடுகிறார்கள். ஒற்றைத் துல்லியத்தில் 16,777,216 உடன் 1 கூட்டினால் விடை மறுபடியும் 16,777,216தான். ஒரு வினாடிப் படியில் ஓடும் கடல் கணக்கில் இது 195ஆம் நாள். அன்றோடு உங்கள் நிரலின் கடிகாரம் நின்றுவிடும், நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். எதை இறக்கலாம் என்று ஒவ்வொரு மாறியாகப் பார்த்து முடிவு செய்யுங்கள். நேரத்தையும் பெருந்தொகைகளையும் இறக்காதீர்கள்.

பட்டியலில் உள்ள வேகம் நமக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது

உலகப் பட்டியலை முடிவு செய்யும் லின்பேக் சோதனையில் ஃப்ரான்டியர் 1.353 எக்ஸாஃப்ளாப்ஸ் எட்டியது. நம் கணக்குகளைப் போலவே நினைவகத்தை அதிகம் தொடும் ஹெச்பிசிஜி சோதனையில் 14.05 பெட்டாஃப்ளாப்ஸ் (ஆயிரம் பெட்டா சேர்ந்தது ஓர் எக்ஸா), அதாவது நூற்றில் ஒரு பங்கு. சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் இடையே ஒவ்வொரு படியிலும் தரவை அனுப்பித் திரும்ப வாங்கினால் அதுவும் கிடைக்காது. தரவை ஜிபியுவிலேயே குடியமர்த்துங்கள்.

ஒரே நிறுவனத்தின் ஜிபியுவுக்கு மட்டும் எழுதுவது

எக்ஸாஸ்கேல் மீக்கணினிகளில் ஃப்ரான்டியரில் இருப்பது ஏஎம்டி ஜிபியு, அரோராவில் இன்டெல், ஜூபிட்டரில் என்விடியா. ஒரே நிரலை எல்லா ஜிபியுக்களிலும் ஓட்ட உதவும் காக்கோஸ் அல்லது ஓபன்எம்பி, ஏதாவது ஒன்றை முதல் நாளே தேர்ந்தெடுங்கள்.