தோட்டா விற்பனைக்குக் கட்டுப்பாடு வரும் என்கிறார்களா? குமரி மாவட்ட உரிமதாரர்கள் செய்ய வேண்டியது

இப்படி ஒரு பேச்சு கிளம்பியதும் கடைக்கு ஓடி வாங்கி அடுக்குவதுதான் வழக்கமாக நடக்கும் முதல் தவறு. முதலில் துப்பாக்கி உரிமத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு வரம்புகள் இருக்கும்: ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா கையில் இருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம். இரண்டும் வேறு வேறு. உதாரணமாக, கையிருப்பு வரம்பு 50, ஆண்டு வரம்பு 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 38 இருந்தால், ஆண்டுக் கணக்கில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் இன்று 12தான் வாங்கலாம். பதின்மூன்றாவது தோட்டா உரிமத்துக்கு வெளியே போய்விடும்.

கடையை விட்டு இறங்குமுன், உரிமத்தில் பதிந்த தேதி, தோட்டாவின் போர் (bore, குழல் விட்டம்) அளவு, எண்ணிக்கை, முத்திரை நான்கையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். வீட்டில் தனி நோட்டு ஒன்று போடுங்கள்: வாங்கியது, சுட்டது, மிச்சம். காலிக் கூடுகளை எறிய வேண்டாம். கணக்குக் கேட்டால் காட்ட அதுதான் கையிலிருக்கும்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஒருவர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு 3. உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆனது. புதுப்பிக்கும் மனுவைக் காலாவதிக்கு 2 மாதம் முன்பே நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வையுங்கள். உரிமம் காலாவதியானால் கடைக்காரர் ஒரு தோட்டாகூடத் தரமாட்டார், புதுக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை.

அப்பா இறந்து, அவர் துப்பாக்கி பரணில் கிடக்கிறதா? வாரிசுக்கு உரிமம் இல்லையென்றால் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண்ணோடு தோட்டா எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும்.

களியக்காவிளை தாண்டிக் கேரளா போகிறவர்கள் உரிமம் செல்லும் எல்லையைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் காரில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் வழக்குதான். பயிர்ப் பாதுகாப்புக்கென வாங்கிய உரிமம் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. அது வனத்துறை சம்பந்தப்பட்டது.

இருப்பைக் கெடுப்பது அரசாணையைவிட நம்மூர் ஈரம். இரண்டு பருவமழையும் பெய்யும் இடத்தில் பழைய காகிதத் தோட்டா ஊதி, குழலின் தோட்டா அறைக்குள் நுழையாது. பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, துப்பாக்கியிலிருந்து தனியே பூட்டி வையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், அது தோட்டாவின் அடியிலுள்ள கேப்புக்குள் (பொறி கொடுக்கும் பகுதி) இறங்கி வெடிக்காமல் செய்துவிடும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு திறங்கள். 65 மி.மீ. அறைத் துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போனாலும் போடக்கூடாது. சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

கட்டுப்பாட்டு ஆணை உண்மையா என்று அறிய வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம். விதி மாற்றம் என்றால் அரசிதழில் வரும். உங்கள் உரிமத்தை மட்டும் மாற்றினாலோ ரத்து செய்தாலோ ஆயுதச் சட்டம் 17ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத்தில் கேட்கலாம். 18ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. நனைந்த தோட்டாவைக் கிணற்றில் போடாமல் கடையிலோ நிலையத்திலோ கொடுத்து, நோட்டில் கழித்துக்கொள்ளுங்கள்.