வாட்டர் ஸ்டோனை மட்டமாக்க எதை வாங்கக் கூடாது

ஆம்பூர் பக்கம் தோலோரம் சீவும் கத்தியோ, காட்பாடி ஆசாரியின் உளியோ, எதைத் தீட்டினாலும், தண்ணீர் விட்டுத் தீட்டும் ஜப்பானிய வாட்டர் ஸ்டோன் சீக்கிரமே நடுவில் குழிந்துவிடும். அது கல்லின் குறை அல்ல. மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத் துகள் மேலே வருவதால்தான் இந்தக் கல் அவ்வளவு வேகமாக வெட்டுகிறது. குழிந்த கல்லில் உளியின் தட்டையான முதுகை வைத்துத் தேய்த்தால் முதுகு உருண்டுவிடும். அப்புறம் எவ்வளவு கூராக்கினாலும் உளி நேராக ஓடாது. ஆக, கல்லை மட்டமாக்க ஒரு கருவி வேண்டும். பணம் வீணாவது அதை வாங்கும்போதுதான்.

காசே செலவில்லாத தவறு, துவைக்கிற கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ தேய்ப்பது. பார்க்கச் சமமாகத் தெரியும் தரையில் மேஸ்திரியின் மட்டப்பலகையை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியும். அந்த மேடுபள்ளம் அப்படியே கல்லுக்கு வரும். மணலும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, வாட்டர் ஸ்டோனோடு சேர்த்தே விற்கப்படும், கோடு கோடாகப் பள்ளம் வெட்டிய மலிவான மட்டக்கல். இதை வாங்காதீர்கள் என்பது என் கட்சி. அதுவும் கல்தானே, அதுவும் தேயும். வாங்கும்போதே வளைந்திருப்பதும் உண்டு.

வளைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்து, கோடு முழுக்க அழிந்தால் கல் மட்டம் என்று நம்புகிறோம். கோடு அழிந்தால் கல்லும் கருவியும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன என்று மட்டுமே அர்த்தம். ஒன்று குழிந்து மற்றது புடைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1840-இல் உலோகப் பரப்புகளை மட்டமாக்கும் முறையை விளக்கியபோது, இரண்டு தகடு போதாது, மூன்றை மாற்றி மாற்றி ஒப்பிட வேண்டும் என்றதற்கு இதுதான் காரணம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டத்தைத் தவிர வேறு வழியில்லை. நமக்கு அவ்வளவு தேவையில்லை. நல்ல ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்கும் குறுக்கும் மூலைக்கு மூலையும் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கல்லைப் பார்ப்பதற்கு முன் கருவியைப் பாருங்கள்.

வைரத் துகள் பதித்த தகடான டைமண்ட் பிளேட்தான் வசதி, ஆனால் விலை. இதில் நடக்கும் தவறு, கத்தி தீட்டுவதற்கான 1000 நம்பர் பிளேட்டையே (நம்பர் ஏற ஏறத் துகள் நைசு) இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. நைசான பிளேட் நைசான கல்லோடு கவ்வி ஒட்டிக்கொள்ளும், வெட்டாது. மட்டமாக்குவதற்கு 140 முதல் 400 நம்பர் வரை சரி. தகடு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய தகட்டை ஒட்டிய பலகை வளைந்தால் தகடும் கூடவே வளையும். தண்ணீர் கஞ்சத்தனமும் கூடாது. வேலூர் மே மாத வெயிலில் கல்மேல் தெளித்த தண்ணீர் நிற்கவே நிற்காது, தேய்ந்த துகள் கலந்த குழம்பு இறுகிப் பிளேட்டை அடைத்துவிடும். குழாயடியில் செய்யுங்கள், இல்லை வாளித் தண்ணீரில் அடிக்கடி முக்குங்கள்.

கை கடிக்கிறவர்களுக்குக் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக் கடையில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் துண்டு கேளுங்கள். ஜன்னலுக்குப் போடும் 4 மில்லிமீட்டர் கண்ணாடி மேஜையின் வளைவுக்கேற்ப வளையும். பாலிஷ் போட்ட கிரானைட் துண்டும் ஆகும், ஸ்கேல் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். அதன்மேல், கார் பெயிண்டர்கள் பயன்படுத்தும் 220 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டிவிட்டால் போதும். தேய்ந்ததும் தாளை மாற்றலாம். தாளுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு பொடி தூவினால் இன்னும் வேகம். ஆனால் பொடி கண்ணாடியையும் சேர்த்தே தின்னும் என்பதால் அவ்வப்போது ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் கிரீஸில் குழைத்த வால்வு பேஸ்ட் மட்டும் வேண்டாம். எண்ணெய் இறங்கிய வாட்டர் ஸ்டோன் திரும்பப் பழைய நிலைக்கு வருவது கஷ்டம். பொடி பயன்படுத்திய பிறகு கல்லைப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். 6000 நம்பர் கல்லில் ஒரு முரட்டுத் துகள் தங்கினாலும் அலகில் கீறல் விழும்.

வீட்டில் காய் நறுக்கும் கத்தி மட்டும் வைத்திருப்பவர் டைமண்ட் பிளேட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். லேசான குழியை அந்தக் கத்தி பொறுத்துக்கொள்ளும், கண்ணாடியும் தாளும் தாராளம். தினமும் உளியின் முதுகைத் தேய்ப்பவர்தான் பிளேட் வாங்க வேண்டும். அவர் குழி ஆழமாகும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு முறை தீட்டி முடித்ததும் நாலு இழுப்பு இழுத்துவிட்டால் கல்லும் குறைவாகத்தான் கரையும்.