கடலடிப் போருக்கு ஒரு பிளெசியோசார்: கம்பி, எம்-சீல், பனை ஓலை

மன்னார் வளைகுடாவுக்கு அடியில் இரண்டு அரசுகள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த கடல் ஊர்வன அங்கே மட்டும் தப்பிப் பிழைத்துப் படை வாகனங்களாகிவிட்டன. என் மகளுக்குச் சொல்லிவரும் கதை இது. கதைக்கு ஒரு பிளெசியோசார் பொம்மை கேட்டாள். நான்கு துடுப்புள்ள, அழிந்துபோன கடல் ஊர்வன அது. மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது.

கட்டுக்கம்பியை மூன்று இழையாக முறுக்கி, தலை முதல் வால் வரை ஒன்று, துடுப்புகளுக்குக் குறுக்கே இரண்டு என்று கட்டிக்கொள்ளுங்கள். செய்தித்தாளைச் சுற்றி உடம்பு வையுங்கள். மேலே எம்-சீல் பூசுங்கள். களிமண் வேண்டாம், காய்ந்ததும் கழுத்தில் வெடிக்கும்.

கழுத்தை அன்னம்போல் தூக்கி வளைக்காதீர்கள். நீண்ட கழுத்துப் பிளெசியோசாரான எலாஸ்மோசாருக்குக் கழுத்தில் மட்டும் 70க்கு மேல் எலும்புகள் உண்டு, ஆனாலும் அது அப்படி வளையாது. நேராக முன்னால் நீட்டுங்கள். 1868இல் இந்த விலங்கை முதலில் விவரித்த அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் எட்வர்டு கோப், தலையையே வால் நுனியில் வைத்துவிட்டார். நீங்கள் கம்பியிலேயே தலைப் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

இனி சேணம். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். குதிரைக்குப் போல் கழுத்தடியில் வீரனை உட்காரவைத்து, வாரை முன்துடுப்புகளின் மேலேயே இறுக்கிவிட்டேன். தங்கச்சிமடத்திலிருந்து வந்த சித்தப்பா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, வலை சுத்துன ஆமை மாதிரில்ல இருக்கு? இது எப்படி நீந்தும்?" என்றார். உண்மைதான். பிளெசியோசார் நான்கு துடுப்பையும் அடித்து நீந்துவது. வார் முன்துடுப்புக்கும் பின்துடுப்புக்கும் நடுவே, வயிற்றைச் சுற்றித்தான் போகவேண்டும். வாருக்கு நைலான் வலை நூலே நல்லது. சேணத்துக்குப் பனங்குருத்தோலையை அரை மணி நேரம் நனைத்து, நான்காக மடித்து, ஈரம் காயும் முன் முதுகில் அழுத்திக் கட்டுங்கள். முதுகின் வளைவு அப்படியே ஓலையில் பதியும்.

மொசாசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவைச் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது வாலை இடவலமாக அடித்துப் போவது, அதனால் தோளருகே கட்டலாம்.

பிற்சேர்க்கை: கடலடியில் மூச்சுக்கு என்ன வழி என்று இருவர் கேட்டிருந்தார்கள். செவுள் வைக்காதீர்கள். இது ஊர்வன, மேலே வந்துதான் மூச்செடுக்கும். அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர் மூச்சு முட்டினால் கயிற்றை இழுப்பார், தோணியில் இருப்பவர் தூக்குவார். எங்கள் கதையில் மூச்சு முட்டினால் விலங்கு கடிவாளத்தை இழுக்கும், வீரன் உடனே விட்டுவிடுவான், எதிரியும் அதை அடிக்கமாட்டான். அதனால் கடிவாள நூலை இறுக்காமல் ஒரு விரலளவு தொங்கவிட்டு, மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி பொம்மையைச் சாய்த்து நிறுத்துங்கள்.