ரஷ்ய மாகாணச் சேர்ந்திசை நடத்துநரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

ரஷ்யாவின் மாகாண நகரம் ஒன்றில் நாட்டுப்புறச் சேர்ந்திசைக் குழுவை வளர்த்தெடுத்த ஒருவரைப் பற்றி எழுத முனைபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பட்டங்களும் விருதுகளும் நிறைந்த ஒரு பட்டியல்தான். அதை வரிசை மாறாமல் தமிழில் எடுத்தெழுதினால் குறிப்பில் பிழை இல்லாமல் போகலாம். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் எதைச் செய்தார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும். வடக்கு ரஷ்ய நாட்டுப்புறச் சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்த அந்தோனினா யாக்கொவ்லெவ்னா கொலோதிலோவாவின் (1890–1962) வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய குறிப்பை எழுதும் வழியை இங்கே விளக்குகிறேன்.

பிறந்த ஊரைத் தேடுவதற்கு முன் குழுவின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். மாகாணக் குழுவை நடத்தியவரின் முதன்மையான சாதனை அக்குழுவின் குரலே ஆகும். அக்குரலோ அந்த மண்ணின் பேச்சிலிருந்து பிறப்பது. மாஸ்கோ வழக்கில் அழுத்தம் பெறாத ஒகரம் அகரமாகத் தேய்ந்துவிடும் என்பதால், பாலைக் குறிக்கும் சொல்லை அங்கே ‘மலகோ’ என்பார்கள். வடக்கில் அதுவே ‘மொலொகோ’ என்று ஒகரம் குன்றாமல் ஒலிக்கும். கொலோதிலோவாவின் குழு இந்த வட்டார ஒலிப்பை மேடையிலும் கைவிடவில்லை. நீண்டு இழையும் பாடல்களும், பெண்கள் நீரில் மிதப்பதுபோல் அடியெடுத்து வைக்கும் அடக்கமான அசைவுகளும் அக்குழுவின் அடையாளங்கள். தெற்கே வொரோனிஷ் பகுதியின் பாட்டோ நெஞ்சிலிருந்து திறந்து எழும் உரத்த குரலுடையது. கான்ஸ்தந்தீன் மசாலிதினோவ் (1905–1979) இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவாக்கிய வொரோனிஷ் குழுவின் பதிவையும் உடன் வைத்துக் கேட்டால், இரு நடத்துநர்களும் எதைக் காக்க முயன்றார்கள் என்பது செவிக்கே புலப்படும். கேட்டதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி வைத்துக்கொண்டால் குறிப்பின் மற்றப் பகுதிகளை அதைச் சுற்றி அமைக்கலாம்.

அடுத்து ஊர்ப் பெயர்களையும் தேதிகளையும் சரிபார்க்க வேண்டும். கொலோதிலோவா ஆசிரியையாகப் பணியாற்றியவர். அவர் 1926 மார்ச் 8 அன்று குழுவைத் தொடங்கிய வெலீக்கி உஸ்தியுக் நகரம் இன்று வொலோக்தா மாகாணத்தில் உள்ளது. ஆனால் அந்த மாகாணமே 1937-இல்தான் அமைக்கப்பட்டது. ஆகவே ‘வொலோக்தா மாகாணத்தில் தொடங்கினார்’ என்று எழுதுவது பிழை. ‘இன்றைய வொலோக்தா மாகாணத்தில் உள்ள’ என்று எழுதுவதே முறை. ஊர்களின் பெயர்களும் மாறியிருக்கலாம்: 1935 முதல் 1991 வரை குய்பிஷெவ் என்று வழங்கிய நகரம் இன்றைய சமாரா. அக்காலத்து ஸ்வெர்த்லோவ்ஸ்க் இன்றைய எக்கத்தெரின்பர்க். 1918 பிப்ரவரிக்கு முன் ரஷ்யாவில் பழைய நாள்காட்டி வழக்கில் இருந்ததால், 19-ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாள்களும் 20-ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 13 நாள்களும் கூட்டினால்தான் இன்றைய கணக்கு கிடைக்கும். பெயரின் நடுப்பகுதி தந்தையின் பெயரிலிருந்து வருவது. யாக்கொவ்லெவ்னா என்றால் யாக்கொவின் மகள் என்று பொருள். நம் தலைப்பெழுத்தைப் போன்ற அதனை முதல் முறை முழுமையாகக் குறித்துவிட்டு, பின்னர் குடும்பப் பெயரை மட்டும் எழுதலாம்.

குறிப்பின் உயிர்ப்பகுதி, தன்னார்வக் குழு அரசின் தொழில்முறைக் குழுவாக மாறிய காலம் என்பதே என் கருத்து. கொலோதிலோவாவுக்கு அது 14 ஆண்டுகள் பிடித்தது. 1936-இல் மாஸ்கோவில் பாடும் வாய்ப்பு கிடைத்தது; 1940 பிப்ரவரியில் குழு அரசின் தொழில்முறைக் குழுவாகியது; வடக்கிலுள்ள அர்க்காங்கெல்ஸ்க் நகரம் அதன் நிலையான இருப்பிடமாயிற்று. மறு ஆண்டே ஜெர்மனியுடன் போர் மூண்டது. குழு போர்முனைகளிலும் மருத்துவமனைகளிலும் பாடியது. இந்தப் படிகளை ஒரே வரியில் அடக்கிவிடாதீர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பாட வந்தவர்களுக்கும், பாடுவதற்கே ஊதியம் பெற்றவர்களுக்கும் ஒத்திகையின் நேரம், பாடல்களின் எண்ணிக்கை, பயணத்தின் தொலைவு ஆகிய அனைத்தும் வேறுபட்டிருக்கும். அந்த மாற்றத்தின் முழுச் சுமையும் நடத்துபவரின் தோளில்தான் விழும்.

பதவிப் பெயர்களிலும் கவனம் தேவை. பாடகர்களுக்கு அன்றாடம் குரல்பயிற்சி அளித்து ஒவ்வொரு குரல்வரிசையையும் தனித்தனியே கற்பிப்பவர் ஹோர்மெய்ஸ்டர். குழு எதைப் பாட வேண்டும், எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவெடுப்பவர் கலை இயக்குநர். தேவாலயக் குழுவை நடத்துபவர் ரேகெந்த். ஒருவரே வெவ்வேறு காலங்களில் இவற்றில் பலவற்றை வகித்திருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் ‘நடத்துநர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது தவறான படத்தைத் தரும். மேலும், நாட்டுப்புறக் குழுக்கள் பொதுவாக எதிரே நின்று கையசைப்பவர் இல்லாமலே மேடையில் பாடும். நடத்துபவரின் உழைப்பு ஒத்திகை அறையிலேயே முடிந்துவிடுவதால், நிகழ்ச்சிப் படங்களில் அவரைத் தேடிப் பயனில்லை. பாடல்களின் தேர்விலும் குரல்களின் அமைப்பிலுமே அவரைக் காண முடியும்.

விருதுகளைச் சுருக்கமாகவும் துல்லியமாகவும் எழுதுங்கள். ரஷ்யக் குடியரசின் ‘மக்கள் கலைஞர்’ பட்டமும் சோவியத் ஒன்றியத்தின் ‘மக்கள் கலைஞர்’ பட்டமும் வெவ்வேறானவை. முன்னது கொலோதிலோவாவுக்கும், பின்னது அவருக்குப் பின் வந்த நீனா மெஷ்கோவுக்கும் கிடைத்தவை. ஸ்டாலின் பரிசு பிற்காலச் சோவியத் நூல்களில் ‘அரசுப் பரிசு’ என்று மாற்றிக் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், 1954-க்கு முந்தைய ஆண்டைக் கண்டால் எது எனத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பொறுப்பு யார் கைக்குப் போயிற்று என்பதையும் சேர்க்க வேண்டும். 1960-இல் குழுவை ஏற்ற மெஷ்கோ (1917–2008) மாஸ்கோ இசைக் கல்லூரியில் பயின்றவர். தம் இறுதிவரை அதை வழிநடத்தியதோடு மாஸ்கோவின் க்னேசின் இசைக் கல்விநிலையத்தில் நாட்டுப்புறப் பாடலைக் கற்பித்தார். பாடியும் பாடவைத்தும் வளர்ந்த ஆசிரியையின் மரபு, முறையான கல்வி பெற்ற ஒருவரிடம் சேர்ந்த இந்த இடத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கலாம்.

எஞ்சியிருப்பது பாடல்களின் தோற்றுவாய். மித்ரோஃபான் பியாத்னித்ஸ்கி (1864–1927) 1911-இல் மாஸ்கோ மேடையில் ஏற்றியவர்கள் வொரோனிஷ், ரியாசான், ஸ்மொலென்ஸ்க் வட்டாரங்களின் விவசாயிகள். அவர்களின் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்தவரும் அவரே. நீங்கள் எழுதும் நடத்துநரும் பாடல்களை எந்தச் சிற்றூரில், எந்தப் பாட்டியிடம் கேட்டார் என்பது பதிவாகியிருந்தால், விருதுப் பட்டியலிலிருந்து இரண்டு வரிகளை நீக்கியேனும் அந்த ஊரின் பெயரையும் அந்தப் பாட்டியின் பெயரையும் குறிப்பில் இடம்பெறச் செய்யுங்கள்.