தந்தை விட்டுச்சென்ற சொத்தில் தடையாணை மீறப்பட்டால் எங்கே, எப்படி மனுச் செய்வது

தந்தை காலமான பிறகு மகள்கள் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கிறார்கள். சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று சார்பு நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை பிறப்பிக்கிறது. மூன்று மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் அண்ணன் அதில் பாதியை வேறொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறார். இந்த நிலையில் பலரும் முதலில் கேட்பது, உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்குப் போடலாமா என்பதுதான். பெரும்பாலான வழக்குகளில் தட்ட வேண்டிய கதவு அதுவல்ல.

கீழமை நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடையாணையை மீறியவர்மீது அந்த நீதிமன்றத்திலேயே, அதே வழக்கில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை, விதி 2-ஏ-யின்கீழ் மனுச் செய்யலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரை மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் இவ்விதி இடம் தருகிறது. ஜப்தி ஓராண்டுக்கு மேல் நீடிக்காது. அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் ஜப்தியான சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்திலோ உச்ச தண்டனை ஆறு மாத வெறுங்காவல், அபராதம் 2,000 ரூபாய். இழப்பீடு வேண்டுபவருக்கு விதி 2-ஏ-யே பயன் தரும். இந்த வழி திறந்திருக்கும்போது நேராக அவமதிப்பு மனுவுடன் செல்பவரை உயர் நீதிமன்றம் கீழமை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். உயர் நீதிமன்றமே பிறப்பித்த ஆணை மீறப்பட்டாலோ, நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழி மீறப்பட்டாலோ அவமதிப்புச் சட்டத்தை நாடலாம். அங்கே மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுத் தாக்கலாகிவிட வேண்டும்.

மனு எழுதுவதற்கு முன் ஆணையின் சான்றிட்ட நகலை வாங்கி, அதன் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். விற்பனையை மட்டும் தடுக்கும் ஆணை இருக்கும்போது எதிர்மனுதாரர் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டினார் என்றால், அது எவ்வளவு அநியாயமானாலும் அந்த ஆணையின் மீறல் ஆகாது. அதற்குத் தனியாக ஆணை கேட்க வேண்டும். இதைவிடத் தொல்லையானது ‘தற்போதைய நிலை தொடரட்டும்’ என்ற ஆணை. அன்றைக்கு இருந்த நிலை எது, வீட்டின் பின்கட்டில் யார் குடியிருந்தார்கள், நெல் யார் அறுத்தார்கள் என்பதில் தொடங்கும் சச்சரவிலேயே பல மனுக்கள் நின்றுபோகின்றன. ஆகவே இத்தகைய ஆணை கிடைத்தவுடனேயே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கோரி, இடத்தைப் பார்வையிட்டு அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்யவைப்பது நல்லது.

அடுத்து நிரூபிக்க வேண்டியது, ஆணை இருப்பதை எதிர்மனுதாரர் அறிந்தே மீறினார் என்பது. இந்த நடவடிக்கை ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடியது என்பதால், குற்ற வழக்கைப் போலவே நீதிமன்றம் ஐயமற்ற சான்றை எதிர்பார்க்கும். எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாக ஆணை பெற்றவர் உடனடியாக மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் நகல்களைப் பதிவுத் தபாலில் எதிர்மனுதாரருக்கு அனுப்ப வேண்டும் என்று 39-ஆம் கட்டளையின் விதி 3 சொல்கிறது. அதைத் தவறாமல் செய்து, ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். சர்வே எண்களைக் குறிப்பிட்டு ஆணை நகலைச் சார்பதிவாளருக்கும், இறந்தவரின் கணக்கு உள்ள வங்கிக்கும் அனுப்பி வையுங்கள். ஆணையின் தேதி, அது எதிர்மனுதாரர் கைக்குச் சேர்ந்த தேதி, மீறல் நடந்த தேதி ஆகிய மூன்றும் மனுவில் தெளிவாக வர வேண்டும். கூடவே வில்லங்கச் சான்றையும் கிரயப் பத்திரத்தின் நகலையும் இணையுங்கள். குடும்பத்தின் பழைய மனத்தாங்கல்களை இந்த மனுவில் எழுத வேண்டாம். அவை எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவும்.

நடந்துவிட்ட விற்பனை என்னவாகும்? வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடக்கும் விற்பனை, சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி தானாகச் செல்லாததாகிவிடாது; வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர், அவ்வளவுதான். தடையாணையை மீறி நடந்த மாற்றத்தை நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பார்க்கும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் அப்படி எழுதி வாங்கியவர்கள் தங்களையும் தரப்பினராகச் சேர்க்கக் கேட்டபோது, சுர்ஜித் சிங் எதிர் ஹர்பன்ஸ் சிங் என்ற 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனவே தண்டனையோடு நில்லாமல், அந்தக் கிரயத்தால் எதிர்மனுதாரருக்கோ வாங்கியவருக்கோ எந்தப் பயனும் சேரக் கூடாது என்றும் கோரிக்கை வையுங்கள்.

குற்றச்சாட்டு உங்கள்மீதே வந்திருந்தால், ஆணை தவறானது என்ற வாதம் மீறலுக்கு விடையாகாது. அந்த நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று பின்னர் முடிவானாலும், இடையில் ஆணையை மீறியதற்கு நடவடிக்கை உண்டு என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தயப்பாய் பகசர்வாலா வழக்கில் கூறியிருக்கிறது. ஆணை பிடிக்கவில்லையென்றால் விதி 4-இன்கீழ் அதை நீக்கக் கேளுங்கள், அல்லது மேல்முறையீடு செய்யுங்கள், அதுவரை கட்டுப்படுங்கள். மன்னிப்புக் கேட்பதானால் முதல் வாய்தாவிலேயே, செய்ததைத் திருத்தும் நடவடிக்கையோடு கேட்பது நல்லது. தண்டனை நெருங்கிய பிறகு வரும் மன்னிப்பை நீதிபதிகள் எளிதில் நம்புவதில்லை.

இன்னொன்று பலர் கவனிக்காமல் விடுவது. இடைக்கால ஆணையின் ஆயுள் வழக்கோடு முடிகிறது. இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகு அதில் உள்ள தடை மீறப்பட்டால் விதி 2-ஏ பொருந்தாது, 21-ஆம் கட்டளை விதி 32-இன்கீழ், தீர்ப்பாணையை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுதான் போட வேண்டும். பாகப்பிரிவினையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணைக்கும், சொத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுவதும் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை வழங்கப்படும் நாளிலேயே, இறுதி வரை தடை தொடரும் என்று வெளிப்படையாக எழுதித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.